டெஸ்ஸா சொன்ன பத்தியம்

எடை கூடிவிடுமோ என்று பட்டினி கிடப்பது போன்ற உணவுக் கோளாறால் தவிப்பவர்களில் பலருக்குக் கணினியிடம் மனம் திறப்பது சுலபம். அது முகம் சுளிக்காது, வீட்டில் போட்டுக்கொடுக்காது, நள்ளிரவிலும் விழித்திருக்கும் (அக்கறையால் அல்ல, மின்சாரத்தால்).

அமெரிக்காவின் தேசிய உணவுக் கோளாறுகள் சங்கம் 2023இல் ஒரு படி மேலே போனது. மனிதர்கள் பதில் சொல்லிவந்த உதவித் தொலைபேசியை மூடுவதாக அறிவித்தது. ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்த கையோடு இது நடந்ததைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சமிருந்தது டெஸ்ஸா என்ற உரையாடல் நிரல். அந்த நோயிலிருந்து மீண்ட ஒருவர் அதனிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். டெஸ்ஸா பரிவோடு யோசனை சொன்னது: கலோரியைக் குறையுங்கள், வாரந்தோறும் எடை பாருங்கள்! தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தவருக்குத் தீப்பெட்டி அனுப்பிய கதை.

விஷயம் வெளியே வந்ததும் டெஸ்ஸாவையும் நிறுத்தினார்கள். இத்தனைக்கும் அது தொழிற்சங்கம் எதுவும் அமைக்கவில்லை.