திட்டச் செம்மல்

பாலைவனத்துக்குப் போய் ஒரு கல்வளைவைப் பார்த்துவிட்டு வரலாமே என்று யாராவது சாப்பாட்டு நேரத்தில் விளையாட்டாகச் சொன்னால் போதும், கை கழுவுவதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு முளைத்துவிடும். முளைக்கவைத்தவர்தான் திட்டச் செம்மல். டென்வரோ டாலஸோ ஃபீனிக்ஸோ, நாலு தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடத்தில் இவர் ஒருவர் கட்டாயம் உண்டு. பட்டத்தை யாரும் மேடைபோட்டு வழங்கவில்லை. முதுகுக்குப் பின்னால் பேசும்போது தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

கடினமான மலையேற்றம் என்றால் இவர் அவ்வளவாகக் கண்டுகொள்ளமாட்டார். அங்கே பாதி முடிவுகளை மலையே எடுத்துவிடும். குழந்தையும் பாட்டியும் கைகோத்து நடக்கக்கூடிய எளிய பாதையில்தான் இவருடைய மேதைமை வெளிப்படும். அங்கே திட்டமிட ஒன்றுமே இல்லை என்பதால் எல்லாவற்றையும் இவரே உண்டாக்க வேண்டியிருக்கிறது.

இடம், யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற சிற்றூரை ஒட்டிய ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. அங்கே 2,000க்கும் மேற்பட்ட வளைவுகள் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. பாறையில் விழுந்த ஓட்டை ஒரு பக்கமாவது 3 அடி இருந்தால்தான் கணக்கில் சேரும். சாதாரண மனிதர்கள் இதைக் கேட்டால் “அப்படியா” என்று சொல்லிவிட்டு அடுத்த வடையை எடுப்பார்கள். இவரோ 2,000 பேர் விண்ணப்பித்த வேலைக்கு நேர்காணல் நடத்தும் அதிகாரி ஆகிவிடுவார்.

முதலில் டெலிகேட் ஆர்ச். யூட்டா கார்களின் நம்பர் பிளேட்டிலேயே இருக்கிற பிரபலம். போக வர 3 மைல், சுமார் 500 அடி ஏற்றம், வழியில் நிழலே கிடையாது. “குழந்தைங்க இருக்காங்க” என்று தள்ளுபடி. (அவருக்கே மூட்டுவலி என்பது எங்களுக்குத் தெரியும்.) அடுத்து லேண்ட்ஸ்கேப் ஆர்ச். 306 அடி நீளம், வட அமெரிக்காவிலேயே நீளமான வளைவு, பாதையும் சுலபம். ஆனால் 1991 செப்டம்பரில் அதன் அடிப்பக்கத்திலிருந்து 60 அடி நீளத்துக்குப் பாறை பெயர்ந்து விழுந்திருக்கிறது. வளைவின் கீழே போகும் பாதையை மூடி முப்பது வருடத்துக்கு மேலாகிறது, இப்போது தூர நின்றுதான் பார்க்க முடியும். அதெல்லாம் அவர் காதில் ஏறாது. “நாம போற அன்னிக்கு மிச்சம் விழுந்துச்சுன்னா?” அதோடு நிறுத்தாமல், 2008 ஆகஸ்டில் வால் ஆர்ச் ராத்திரியோடு ராத்திரியாக இடிந்து விழுந்த செய்தியையும் குழுவில் போட்டுவிடுவார். கீழே ஐந்து பேர் அழுகிற பொம்மை போடுவார்கள்.

கடைசியில் டபுள் ஆர்ச் தேர்வானது. ஒரே இடத்திலிருந்து இரண்டு வளைவுகள் கிளம்பும் இடம், போக வர 1 கிலோமீட்டர். குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அடக்கமாகக் கேட்டான்.

“அண்ணா, கார் பார்க்கிங்ல இருந்தே தெரியும்னு போட்டிருக்கே?”

“தெரியும்ப்பா. ஆனா எந்தப் பக்கமிருந்து அணுகுறோம்ங்கிறதுலதான் விஷயமே இருக்கு.”

பாதை ஒன்றுதான். பையனுக்கு அது தெரியாது.

இந்த நடைக்கு 15 நிமிடத்திலிருந்து அரை மணி போதும் என்பது பூங்காவின் கணக்கு. இவருடைய எக்செல் அட்டவணைக்கு 2 மணி 20 நிமிடம் வேண்டும். வெயில் களிம்பு பூச 12 நிமிடம், குழுப் படம் 15, குடும்பவாரியாகப் படம் தலா 5. ஒரு கட்டத்தில் ‘வியத்தல் – 8 நிமிடம்’ என்று தனியாகவே இருந்தது. பூங்காவுக்குள் செல்போன் சிக்னலை நம்ப முடியாது என்று படித்திருந்ததால் அட்டவணை அச்சாகி, பிளாஸ்டிக் உறை போட்டு, வண்டிக்கு ஒன்றாக விநியோகமானது. 2022ல் பூங்கா நேரம் குறித்த முன்பதிவு முறையைக் கொண்டுவந்தபோது ஊரே முணுமுணுத்தது. தட்கலில் பழகிய விரல்கள் கொண்ட இவர் மட்டும் பண்டிகை கொண்டாடினார்.

தண்ணீர்க் கணக்கு தனிக் காவியம். பாலைவனத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் குடிக்கச் சொல்கிறார்கள், நியாயமான அறிவுரைதான். கோடையில் 38 டிகிரியைத் தாண்டும் ஊர் அது, டபுள் ஆர்ச் பக்கத்தில் குழாயும் கிடையாது. நாங்கள் பெரியவரும் சிறியவருமாக 12 பேர். ஆக 48 லிட்டர், அதாவது 48 கிலோ. ஒரு கிலோமீட்டர் நடைக்கு அதை யார் தூக்குவது என்பதற்கும் அட்டவணையில் ஒரு பத்தி இருந்தது, அதில் அவர் பெயர் இல்லை. பாம்புக்கடிக்கு, தேள்கடிக்கு, கள்ளிமுள்ளுக்கு என மூன்று தனிப் பைகள் வேறு. “ஊர்ல வரப்புல செருப்பில்லாமத் திரிஞ்ச மனுஷன்” என்று அவர் மனைவி எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்.

அட்டவணையில் ‘உணவு’ என்ற வரிக்கு எதிரே “பூங்காவுக்குள் கடை இல்லை” என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த மூன்று சொல்லிலிருந்து 12 பேருக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் விளைவித்தவர் அந்த அம்மாள்.

“ஏங்க, புளி ஊறவைக்கிறது உங்க எக்செல்ல எந்த வரியில வருது?”

“அது உன் டிபார்ட்மென்ட்மா.”

டென்வரிலிருந்து ஆறு மணி நேரம் கார்ப்பயணம். அவர் வண்டியில் ஏறியவர்களுக்குப் புவியியல் இலவசம். 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. வற்றி வற்றி ஆயிரக்கணக்கான அடிக்கு உப்பு சேர்ந்தது. மேலே மணலும் வண்டலும் படிந்து கல்லாகி அழுத்த, பாரம் தாங்காமல் உப்பு நழுவியது. மேலே இருந்த பாறை புடைத்து, விரிசல் விட்டு, மதில் மதிலாக நின்றது. மழைநீரும் உறைபனியும் அந்த மதில்களைக் கொறித்துத் துளை போட்டன. பின் சீட்டிலிருந்து யாராவது “காத்து அரிச்சதுதானே அங்கிள்” என்றுவிட்டால் கிராண்ட் ஜங்ஷன் வரும்வரை மறுப்புரை ஓடும். காற்றுக்கு அதில் பங்கு கொஞ்சம்தான் என்பது உண்மையே. ஆனால் கேட்ட பிள்ளை முதல் வாக்கியத்திலேயே தூங்கிப்போயிருக்கும்.

ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பாதையோரத்தில் கறுப்பாக, மொரமொரவென்று மேடுபள்ளமாக மண் தெரியும். பார்த்தால் காய்ந்த சேறு, உண்மையில் அது உயிருள்ள மண். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இழையோடி மணலைப் பிடித்துவைத்திருக்கின்றன. ஒரு செருப்புத் தடம் பட்டால் தேறிவர ஆண்டுக்கணக்கில் ஆகும். படத்துக்காக அதில் கால்வைக்கப் போனவர்களை, எங்கள் ஆளோ வெள்ளைக்காரரோ பார்க்காமல், கையை விரித்து நின்று மறித்தார். அன்றைய 2 மணி 20 நிமிடத்தில் உருப்படியாகக் கழிந்தது அதுதான்.

வளைவின் அடியில் போய் நின்றோம். 112 அடி உயரம், அந்தப் பூங்காவிலேயே உயரமானது. 1989ல் வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தின் தொடக்கக் காட்சியில் வருகிற அதே வளைவு. பிள்ளைகள் பாறையில் தொற்றி ஏறின, பெரியவர்கள் வாயைப் பிளந்தார்கள். எட்டாவது நிமிடம் அவர் கடிகாரத்தைத் தட்டினார். ஒருவரும் அசையவில்லை. அவர் மட்டும் இன்னும் அண்ணாந்து பார்க்கவில்லை. அட்டவணையில் டிக் போட்டுக்கொண்டிருந்தார்.

காருக்குத் திரும்பி, புளியோதரை பாதி காலியாவதற்குள் அறிவிப்பு வந்தது.

“நாளைக்கு மீசா ஆர்ச். பக்கத்துல கேன்யன்லாண்ட்ஸ் பூங்கா. சூரியன் கிளம்புறப்ப வளைவோட அடிப்பக்கம் அப்படியே செக்கச்செவேல்னு எரியும். நடை ரொம்பக் கம்மி.”

“எத்தனை மணிக்குண்ணா?”

“3.40க்கு எல்லாரும் லாபியில இருக்கணும்.”

யாரும் வாயைத் திறக்கவில்லை. தயிர்சாத டப்பாவை மூடியபடி அவர் மனைவிதான் சொன்னார்: “நீங்க போயிட்டு வாங்க. நாங்க போட்டோவுல பாத்துக்கிறோம்.”

அவர் கலங்கவே இல்லை. பேனாவை எடுத்தார். ‘ஆட்கள்’ என்ற கட்டத்தில் 12ஐ அடித்து 1 என்று போட்டார். ‘தண்ணீர்’ கட்டத்தில் 48ஐ அடித்து 4 என்று எழுதினார். ‘குழுப் படம் – 15 நிமிடம்’ என்பதை மட்டும் அடிக்காமல் விட்டுவைத்தார்.