டயருக்கு ஜாதகம் பாக்கற மாப்ளைக்கு

டயருக்குத் தேதி பாத்து வாங்கற அளவுக்கு நீ வெவரமாயிட்டேன்னு கேள்விப்பட்டேன் மாப்ள. சந்தோசம். உனக்குப் பொண்ணு பாக்கறப்ப ஜாதகத்தைத் தூக்கிட்டு அலைஞ்சவன் நான். நீ செல்போனை நோண்டிக்கிட்டுத் திண்ணையில உக்காந்திருந்தே. இப்ப ரப்பருக்கு ஜாதகம் பாக்கறே. எதுக்கோ ஒண்ணுக்குப் பாக்கோணும்னு தோணுச்சே, அதுவரைக்கும் லாபம்.

பாக்கறதுதான் பாக்கறே, ஒழுங்காப் பாரு. டயரோட பக்கவாட்டுல டி.ஓ.டி.ன்னு மூணு இங்கிலீசு எழுத்து இருக்கும். அமெரிக்காக்காரனோட போக்குவரத்துத் துறை பேரு அது. அந்த வரிசை முடியற எடத்துல நாலு நம்பர் இருக்கும். முதல் ரெண்டும் வாரம், கடைசி ரெண்டும் வருசம். 3224ன்னு இருந்தா 2024-ஆம் வருசம் 32-ஆவது வாரம், ஆகஸ்ட் மாசத்துல செஞ்சது. இது தெரியாம, ‘முப்பத்திரண்டாம் தேதி எந்த மாசத்துலங்க வருது’ன்னு கடைக்காரன்கிட்டச் சண்டைக்குப் போயிராத. 2000-க்கு முந்தி மூணே நம்பர்தான் போடுவான். எந்தப் பத்து வருசத்துல செஞ்சதுன்னே தெரியாது. அப்படி மூணு நம்பர் போட்ட டயரை எவனாவது எடுத்துக் காட்டுனா வெலை கேக்காத, மியூசியத்துக்கு வழி சொல்லு.

சில டயர்ல இந்த நாலு நம்பர் ஒரு பக்கத்துல மட்டும்தான் இருக்கும். மாட்டறப்ப அந்தப் பக்கம் உள்ளாற போயிருச்சுன்னா, வேட்டியை மடிச்சுக் கட்டிக் காருக்கடியில படுத்து டார்ச் அடிச்சுத்தான் படிக்கோணும். உன்ற தொப்பைக்கு அது ஆகற காரியமில்ல. ரிம்முல ஏத்தறதுக்கு முந்தியே பாத்துரு. நாலு டயரையும் பாரு. ஒண்ணைப் பாத்துட்டு மிச்சம் மூணும் அதே வாரத்துலதான் செஞ்சிருப்பாங்கன்னு நெனைக்காத. மூணு புதுசுக்கு நடுவுல ஒரு பழசைத் தள்ளிவிடற கலை கடைக்காரனுக்குத் தெரியும்.

தேதி படிக்கத் தெரியாதவன் என்ன பண்ணுவான்னா, டயரு மேல முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு இருக்கற ரப்பர் முடியைத் தடவிப் பாத்து, ‘ஆகா, புதுசு’ம்பான். அச்சுல காத்து வெளியேறறதுக்கு விட்ட பொத்தல் வழியா ஒழுகி நிக்கற ரப்பரு அது. ஓடித் தேயாதவரைக்கும் பத்து வருசம் ஆனாலும் அது அங்கயேதான் நிக்கும். கடைக்காரன் பூசற பாலிஷும் அதே கதைதான். கன்னங்கரேல்னு மின்னுதுன்னா நேத்துப் பாலிஷ் போட்டிருக்கான்னுதான் அர்த்தம். பாலிஷுக்குக் கீழ பொடிப்பொடியா வெடிப்பு இருந்தாக்கூட உன்ற கண்ணுக்குத் தெரியாது. சில டயரு லேசாச் செவந்து, பழுப்பேறி இருக்கும். அதைப் பாத்து ‘பழசு’ன்னு நீ ஒதுக்குவே. ஆனா ஓசோன் தின்னாம இருக்கறதுக்காக ரப்பருக்குள்ள கலந்த மருந்து மேல வந்து நிக்கறதாலதான் அந்தப் பழுப்பு. ஆக, காவல்காரனைத் தொரத்திட்டு வேசக்காரனை ஊட்டுக்குள்ள உடறே.

இப்ப நீ கேட்டதுக்கு வரேன். தேதி முக்கியமா, இல்லையா? யாருக்குன்னு சொல்லு, அப்புறம் சொல்றேன்.

நாமக்கல் பக்கம் என்னை மாதிரி லாரி வெச்சு ஓட்டுனவன்கிட்ட டயருக்குத் தேதி பாத்தீங்களான்னு கேட்டாச் சிரிப்பான். புது டயரை முன்னால போடுவோம். முன்னால ஓடித் தேஞ்சதும் பின்னால போகும். அங்க பட்டன் போச்சுன்னா பட்டறைக்குப் போயி ரீட்ரேடிங் ஆகித் திரும்பி வரும், மறுபடி ஓடும். வயசாகறதுக்கு அதுக்கு நாங்க நேரம் குடுத்தாத்தானே? ஓட்டத்துலயே அதோட சோலி முடிஞ்சு போயிரும். டாக்சிக்காரனுக்கும் அப்படித்தான். வருசத்துக்கு 50,000 கிலோமீட்டர் ஓட்டறவனுக்கு ஒரு செட்டு டயரு ஒரு வருசம் தாங்குனாப் பெரிசு. டயரு செஞ்சு எட்டு மாசம் ஆச்சா, பதினாலு மாசம் ஆச்சான்னு அவன் ஆராஞ்சு என்ன பண்ணப் போறான்?

உன்ற காரை எடுத்துக்க. கட்டுத்தரையில எருமைக்குப் பக்கத்துல நிக்குது. எருமையாவது பொழுதோட எந்திரிச்சுக் குளத்துக்குப் போயிட்டு வருது. உன்ற காரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும், நோம்பிக்கு மாமனார் ஊட்டுக்குப் போகும், ஒறம்பரைக் கல்யாணத்துக்குப் போகும். வருசம் 3,000 கிலோமீட்டர் தேறுமா? ஒரு செட்டு டயரு 40,000 ஓடும்னு வெச்சுக்க. கணக்கு வாத்தியாரு மகன்தானே, வகுத்துப் பாரு. பதிமூணு வருசம் வரும். அதுவரைக்கும் பட்டன் இருக்கும், ரப்பர் இருக்காது. அதனால தேதிங்கறது உன்னை மாதிரி காரை அழகு பாக்க வெச்சிருக்கறவனுக்குத்தான் முக்கியம். அதுவும் வாங்கற அன்னைக்கை விட, வாங்குனதுக்கு அப்புறம்தான். ஆனா நீ கடையில அஞ்சு மாசப் பழசைப் பாத்து மொகத்தைச் சுளிச்சுட்டு, ஊட்டுல எட்டு வருசப் பழசு மேல ஏறிக் கொழந்தைகளைக் கூட்டிட்டுப் போறே.

ரப்பருக்கு என்னாகுதுன்னு கேளு. காத்துல இருக்கற ஆக்சிஜன் அதைத் தின்னும், ஓசோன் தின்னும், வெயில் தின்னும். சூடு சேந்துச்சுன்னா இன்னும் வெரசாத் தின்னும். மெல்ல மெல்ல இறுகும். இறுகுன ரப்பரு மழைத் தண்ணியில ரோட்டைப் பிடிக்காது. அதையாவது பிரேக் அடிக்கறப்ப உணரலாம். உள்ளாற இருக்கற கம்பிப் பெல்ட்டுக்கும் ரப்பருக்கும் நடுவுல ஒட்டு விட்டுப்போறதுதான் பெரிய கேடு, வெளியில ஒண்ணுமே தெரியாது. பை-பாஸ்ல நூறுல போறப்ப மேல்பட்டை உரிஞ்சு பறக்கும்போதுதான் தெரியும். இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. நான் சொன்னேனே காவல் மருந்து, அதும் கூடக் கலந்த மெழுகும் டயரு உருண்டு நசுங்கி நிமுந்தா நல்லா மேல ஏறி வரும். நின்ன எடத்துலயே நிக்கற டயருக்கு அது அவ்வளவா வராது. ‘காரை ஓட்டாம பத்திரமா வெச்சிருக்கேன்’னு பெருமை பேசறவனோட டயருதான் முந்தி வெடிக்கும்.

அமெரிக்காவுல ஒரு பெரிய இன்சூரன்சு கம்பெனியோட கணக்கை எடுத்து அரசாங்கம் பாத்துச்சு. 2007-ல அந்த அறிக்கை வந்துச்சு. அரிசோனா, டெக்சாஸ், கலிபோர்னியா, புளோரிடா, லூசியானா, இந்த அஞ்சு வெயில் மாநிலத்துல இருந்தது அந்தக் கம்பெனியோட பாலிசிக்காரங்கள்ல 27 சதவீதம் பேருதான். ஆனா டயர் போச்சுன்னு வந்த கேஸ்ல 77 சதவீதம் அங்கிருந்து வந்துச்சு. அந்த 77-லயும் 84 சதவீதம் டயரு ஆறு வருசத்துக்கு மேல ஆனது. அரிசோனா வெயிலை நான் பாத்ததில்ல. கரூரு வெயிலைப் பாத்திருக்கேன். சித்திரையில நம்ம தார் ரோட்டுல செருப்பில்லாம நாலு எட்டு நடந்து பாரு, அந்த அறிக்கையை இங்கிலீசுல படிக்கற வேலை மிச்சமாகும்.

உனக்குப் புடிச்ச சினிமாக்காரரு பால் வாக்கர், 2013-ல கார் விபத்துல போனாரே, அந்தக் காரு டயருக்கு வயசு ஒம்பதுன்னு விசாரணையில எழுதுனாங்க. வேகம்தான் மொதக் காரணம், அதை நான் மறைக்கல. ஆனா வேகத்தைச் சொன்ன அதே அறிக்கையில டயரோட வயசும் இருக்கு. அதுக்கு முந்துன வருசம் இங்கிலாந்துல, ஒரு தீவுல பாட்டுக் கச்சேரித் திருவிழா பாத்துட்டுத் திரும்புன பஸ்ஸு மரத்துல மோதி மூணு பேரு செத்தாங்க. முன் டயரு வெடிச்சுப் போச்சு. எடுத்துப் பாத்தா அதுக்கு வயசு பத்தொம்பதரை. பஸ்ஸை விட டயருக்கு வயசு எச்சு! வயசானதுங்கறதுக்காக ஒரு டயரை ஒதுக்கச் சொல்ற சட்டம் அன்னைக்கு அங்க இல்ல. 2021 பிப்ரவரியிலதான் லாரி, பஸ்ஸுகளோட முன் அச்சுல பத்து வருசத்துக்கு மேல ஆன டயரு ஓடக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. லாரிக்காரன் நான் தேதி பாக்கலைன்னு பெருமையாச் சொன்னேன்ல, எங்கயோ ஷெட்டு மூலையில வருசக்கணக்காக் கெடந்த டயரை எடுத்து மாட்டறவனுக்கு அந்தப் பெருமை பொருந்தாது.

அப்ப எத்தனை மாசம் வரைக்கும் வாங்கலாம்? ஜெர்மனியில, ஒழுங்கா வெச்சிருந்த டயரு மூணு வருசம் வரைக்கும் புதுசுதான்னு கணக்கு. ஆனா ‘ஒழுங்கா’ங்கற வார்த்தையைக் கவனி. வெயில் படாம, சூடு ஏறாம, வெல்டிங்கும் மோட்டாரும் ஓடற எடத்துக்குப் பக்கத்துல இல்லாம வெச்சிருக்கோணும். மோட்டாருல பொறி பறந்தா ஓசோன் கெளம்பும். நம்ம ஊருல டயரை எங்க வெக்கறான்? கடைக்கு வெளிய, மேக்கால வெயில் பாத்தாப்ல, பத்து டயரை அடுக்கி மேல போர்டு மாட்டி வெக்கறான். ஜெர்மனிக் கணக்கு இங்க செல்லாது. நான் சொல்றது இது: ஒரு வருசத்துக்குள்ளன்னா வாய் பேசாம வாங்கு. ஒண்ணுல இருந்து ரெண்டுக்குள்ளன்னா உள்ளாற நெழல்ல இருந்து எடுத்ததான்னு பாத்து, வெலையைக் கொறைச்சு வாங்கு. ரெண்டுக்கு மேலன்னா டாக்சிக்காரன் வாங்கட்டும், ஒரே வருசத்துல தேச்சுருவான். பாதி வெலைக்குத் தர்றேன்னு எவனாவது கூப்பிட்டாப் போறதுக்கு முந்தி போன்லயே அந்த நாலு நம்பரைக் கேளு.

வாங்குனதுக்கு அப்புறம் அஞ்சு வருசம் ஆயிருச்சுன்னா வருசா வருசம் ஆள் வெச்சுப் பாக்கச் சொல்றான் மிச்செலின்காரன். பட்டன் எவ்வளவு இருந்தாலும் செஞ்ச தேதியில இருந்து பத்து வருசத்தோட தூக்கிப் போட்டுருங்கறான். காரு கம்பெனிக்காரங்கள்ல பல பேரு ஆறு வருசத்துலயே மாத்தச் சொல்றாங்க. டயர் விக்கறவன் அப்படித்தான் சொல்லுவான்னு நீ நெனைக்கலாம். நானும் அப்படித்தான் நெனைச்சேன், அந்த 84 சதவீதத்தைக் கேக்கற வரைக்கும்.

அப்புறம் ஸ்டெப்னி. டிக்கியில வெங்காய மூட்டைக்குக் கீழ ஒண்ணு கெடக்குதே, அதுதான். ‘ஒரு நாளும் ஓடலைங்க, புத்தம் புதுசு’ம்பே. ஓடலைன்னாலும் அதுக்கு வயசு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ராத்திரி நேரத்துல, குடும்பத்தோட, நடுக்காட்டுல டயரு போறப்பத்தான் அதை மொத மொதலா எடுப்பே. காத்தும் இருக்காது.

அந்த ஸ்டெப்னியில இன்னொரு சூட்சுமம் இருக்கு, காதைக் கொண்டா. பழைய காரு வாங்கப் போனா மொதல்ல டிக்கியைத் தெறந்து ஸ்டெப்னித் தேதியைப் பாரு. கம்பெனியில இருந்து வந்தப்ப போட்டதுன்னா காரு செஞ்ச காலத்துக்குச் சித்த முந்துன தேதியா இருக்கும். அப்புறம் நாலு சக்கரத்தையும் பாரு. மீட்டர் 25,000-ன்னு காட்டுது, ஆனா நாலு டயரும் காரு வந்து மூணு வருசம் கழிச்சுச் செஞ்சதா இருக்குதுன்னு வெச்சுக்க. 25,000 ஓட்டறதுக்கு முந்தி நாலையும் எதுக்கு மாத்துனீங்கன்னு சாந்தமாக் கேளு. அவன் சொல்ற பதில்ல மீட்டரு எத்தனை தரம் பின்னால சுத்துச்சுன்னு தெரிஞ்சுரும். இந்த ஒரு விசயத்துக்காகவே அந்த நாலு நம்பரைப் படிக்கக் கத்துக்கலாம்.

காத்தைப் பத்திச் சொல்லாம விட்டா உன்ற அத்தை என்னைத் திட்டுவா. காத்துக் கொறைஞ்ச டயரு உருளுறப்ப எச்சா நசுங்கும், சூடேறும், வெடிக்கும். அதுக்கு நேத்துச் செஞ்சது, மூணு வருசத்துக்கு முந்தி செஞ்சதுன்னு பேதமில்ல. டிரைவர் கதவைத் தெறந்தா எவ்வளவு காத்து வேணும்னு ஸ்டிக்கரு ஒட்டியிருக்கும். அதைப் பாத்து, டயரு ஆறியிருக்கறப்ப மாசம் ஒருக்கா அடி. நைட்ரஜன் காத்துன்னு காசு கேப்பான். சும்மா அடிக்கற காத்துலயே நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன்தான், பாக்கிக்கு எவ்வளவு குடுக்கறேன்னு நீயே முடிவு பண்ணிக்க.

பில்லைப் பத்திரமா வெச்சுக்க. வாரண்டியை எந்தத் தேதியில இருந்து எண்ணுவாங்கன்னு கார்டுல படிச்சுரு. பில் தேதியா இருந்தா உனக்கு லாபம், செஞ்ச தேதியா இருந்தாக் கடையில தூங்குன மாசமும் உன்ற கணக்குலதான் கழியும். அதை வெச்சே வெலை பேசலாம். டயரு பதினோரு மாசம் ஆனதுன்னு வெச்சுக்க, நல்ல டயருதான். ஆனா நீ நாலு நம்பரையும் வெரலை வெச்சு மெதுவாப் படி. பெருமூச்சு விடு. ‘ஒரு வருசம் ஆகப்போகுதுங்களே’ன்னு பொண்டாட்டி மொகத்தைப் பாரு. அவ மொகத்தைத் திருப்பிக்குவா, அது அவளுக்குத் தானா வரும். கடைக்காரன் டயருக்கு ஐநூறு கொறைச்சா வாங்கிக்க. கொறைக்கலையா, அலைன்மெண்ட்டும் பேலன்சிங்கும் சும்மா செஞ்சு குடுங்கன்னு கேளு. அதுக்கும் மசியலைன்னா கேட்ட வெலையைக் குடுத்து அதே டயரை மாட்டிட்டு வா, ஒண்ணும் கொறைஞ்சு போயிராது. அது மட்டும் கடைக்காரனுக்குத் தெரியாமப் பாத்துக்க.