பாடு பேராண்டி, ஹூடியைக் கழட்டிட்டுப் பாடு

பாடுடா பேராண்டி, நல்லா பாடு. யாரு வேணாம்னது? உங்கப்பன் கத்துவான். உங்க ஆயா புள்ளைக்கு ஏதோ காத்து கருப்பு அண்டிடுச்சின்னு வேப்பிலை தேடுவா. அதெல்லாம் கணக்குல எடுத்துக்காத. கத்திரி வெயில்ல தாமல் ஏரிக்கரை மேல ஹூடிய மாட்டிகினு, தலையையும் மூடிகினு, கைய கோணலா ஆட்டிகினு நின்னியே, அதையும் நான் குத்தம் சொல்லமாட்டேன். லண்டன்ல குளுரு, அவன் போடறான். இங்க நெல்லைத்தான் அவிப்பாங்க. நீ உன்னையே அவிச்சிக்கற. வேர்த்தா ஒடம்புக்கு நல்லதுதான்.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. "எங்க பிளாக்குல எங்களத் தொட ஆளில்ல"ன்னு பாடறியே, எந்த பிளாக்குடா அது? எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பிளாக்கு, பி.டி.ஓ. ஆபீசு. அங்க மனுவை எடுத்துகினு போனா நெஜமாவே நம்மளத் தொட ஆளில்லதான்.

நீ கிரைம் பாடறேன்னு சொன்னதும் உங்கப்பன் போலீஸ் கேசுன்னு நெனச்சிகினு ரெண்டு நாளு சோறு திங்கல. நான்தான் அது வேற கிரைமுன்னு சமாதானம் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. ராத்திரி நீ தூங்குனப்புறம் உன் போனை எடுத்து எல்லாத்தையும் கேட்டேன். பூட்டு நம்பரு உன் பொறந்த தேதிதானே? அன்னிக்கி ஆஸ்பத்திரி வாசல்ல நின்னவனே நான்தான்.

கேட்டதச் சொல்றேன், தப்பிருந்தா திருத்து. 2000 வாக்குல கிழக்கு லண்டன்ல, போன்னு ஒரு பேட்டை, அந்தச் சுத்துவட்டாரத்துல கெளம்புன பாட்டு கிரைமு. நம்ம ஹவுசிங் போர்டு மாதிரி அடுக்கு மாடி வீட்டுப் பசங்க. மொட்டை மாடியில ஏரியல் கட்டி, லைசென்சு இல்லாம ரேடியோ நடத்துனாங்க. அதுல ஒண்ணு ரின்ஸ் எஃப்.எம்.; 1994ல திருட்டுத்தனமா ஆரம்பிச்சி, 2010லதான் லைசென்ஸைக் கண்ணுல பாத்துது. நிமிசத்துக்கு 140 தட்டு ஓடுது அந்தப் பாட்டு. அமெரிக்காவோட ஹிப் ஹாப்பு பெரும்பாலும் 90 பக்கம், அசைஞ்சி அசைஞ்சி வரும். நீ கிரைம் தாளத்த வெச்சிகினு ஹிப் ஹாப்பு நடை நடக்கற, அதான் மூணாவது அடியிலயே மூச்சு வாங்குது.

கிரைமை ஹிப் ஹாப்பு பெத்த புள்ளைன்னு நெனச்சிக்காத. லண்டன் கிளப்புங்கள்ல ஓடுன கராஜு, ஜங்கிளுன்னு ரெண்டு ஆட்டத்துலேர்ந்தும், ஜமைக்காகாரங்க ஸ்பீக்கர் பெட்டிய சுவரு மாதிரி அடுக்கிப் போட்ட கச்சேரியிலேர்ந்தும் வந்தது அது. அந்தப் பக்கம் நியூயார்க்கு பிராங்ஸ்ல, 1973 ஆகஸ்ட் 11ந் தேதி, தங்கச்சி வெச்ச பார்ட்டியில ரெக்கார்டு சுத்தி ஹிப் ஹாப்புக்குப் புள்ளையார் சுழி போட்டானே கூல் ஹெர்க்கு, அவனும் ஜமைக்காவுல பொறந்தவன்தான். பங்காளிங்க, நடுவுல கடல்.

லண்டன்லயும் மின்ன உன்னாட்டம் பசங்க இருந்தாங்க. அமெரிக்காகாரன் எப்பிடி இழுத்துப் பேசறானோ அப்பிடியே இழுத்துகினு கெடந்தாங்க, ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. டிஸ்ஸி ராஸ்கல்னு ஒரு பையன் வந்தான், இருபது வயசு கூட ஆவல. போ பேட்டையில எப்பிடிப் பேசுவானோ அதே பேச்சுல பாடி, 2003ல மெர்குரி பரிசைத் தூக்கினு போயிட்டான். ஸ்கெப்டான்னு இன்னொரு கிரைம் பாட்டுக்காரன், அவனும் கொஞ்ச காலம் மினுக்கலுக்கு ஆசப்பட்டவன்தான். 2014ல ‘தட்ஸ் நாட் மீ’ன்னு ஒண்ணு விட்டான். பெரிய கம்பெனித் துணியெல்லாம் குப்பையில போட்டாச்சின்னு பாட்டு. அந்த வீடியோ எடுத்த செலவு 80 பவுண்டு. அந்த வருசம் மோபோ அவார்டுல நல்ல வீடியோன்னு பரிசு அதுக்குத்தான். உன் ஹூடி என்னா வெலைன்னு நான் கேக்கமாட்டேன். உங்கப்பன் கேப்பான்.

இவங்க தன் பேச்சுக்குத் திரும்புனப்புறம்தான் அமெரிக்காகாரன் தேடிகினு வந்தான். 2015 பிப்ரவரியில பிரிட் அவார்டு மேடையில கான்யே வெஸ்டு பாடினான். பின்னால கறுப்புத் துணி போட்டுகினு நின்ன கும்பல் லண்டன் கிரைம் பசங்க. கனடாகாரன் டிரேக்கு, எவ்ளோ பெரிய ஆளு, அவனே ஸ்கெப்டா கூட்டத்தோட பேர ஒடம்புல பச்சை குத்திகினான்.

நீ சொல்றியே ‘கிராஸ் ஓவரு’, அத நான் தறியில செஞ்சவன்டா. ஒடலு ஒரு கலரு, கரை ஒரு கலரு. மூணு நாடா ஓடும். நான் ஒடலுக்கு நாடாவ தள்ளுவேன், பக்கத்துல குந்தினு இருக்கற ஆளு கரை நாடாவ தள்ளுவான். ஒடலு ஊடையும் கரை ஊடையும் எதிரெதிரா வந்து ஒண்ண ஒண்ணு கொக்கி போட்டுகினு திரும்பிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இதே வேலை. அதான் கோர்வை. பொடவ நஞ்சி கிழிஞ்சாலும் கரை தனியா வராது. ரெண்டு கலரையும் ஒரே தொட்டியில முக்கி எடுத்தா வேலை சுளுவுதான், ஆனா கரை எது ஒடல் எதுன்னு தெரியாது. உன் பாட்டு இப்ப அந்தத் தொட்டியிலதான் ஊறினு கெடக்குது.

இந்தக் கோர்வை வேலைய பாட்டுல செஞ்ச நம்ம பொண்ணு ஒருத்தி இருக்கா, அவள உன் போன்ல காணோம். மாதங்கி அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ.ன்னு பேரு வெச்சிகினா. லண்டன்ல பொறந்து, கைக்கொழந்தையா யாழ்ப்பாணம் போயி, சண்டை வந்ததும் அகதியா லண்டனுக்கே திரும்புன குடும்பம். அம்மாவுக்குத் தையல் வேலை. 2005ல மொத ஆல்பம், அப்பன் இயக்கத்துல வெச்சிகினு இருந்த பேரு, ‘அருளர்’. ரெண்டாவது ஆல்பத்த அமெரிக்காவுல டிம்பலாண்டுன்னு பெரிய ஹிப் ஹாப்பு வாத்தியாரோட சேந்து செய்யலாம்னு கெளம்புனா, விசா குடுக்கல. உனக்கு விசா குடுக்கலன்னா என்னா பண்ணுவ? கதவைச் சாத்திகினு ஸ்டேட்டஸ் போடுவ. அவ ஊரு ஊரா சுத்துனா. சென்னைக்கு வந்து உறுமிக்காரங்கள கூப்பிட்டு அடிக்கச் சொன்னா. நம்ம கோயில் வாசல்ல சாமி வர அடிக்கறாங்களே, அதே உறுமி. ‘பேர்ட் ஃப்ளூ’ன்னு ஒரு பாட்டு இருக்குது, போட்டுக் கேளு, உங்க ஆயாவே எழுந்து ஆடிடுவா. 2007ல வந்த அந்த ஆல்பத்துக்கு அம்மா பேரு, ‘கலா’.

அதுல ‘பேப்பர் பிளேன்ஸ்’னு ஒரு பாட்டு, அடுத்த வருசம் அமெரிக்காவுல நாலாவது எடம் வரைக்கும் ஏறிடுச்சி. விசா கேட்டு நின்னவளோட கொரல அங்கத்து ராப்பு பெருசுங்க எடுத்துத் தன் பாட்டுல வெச்சிகினாங்க. 2009 பிப்ரவரியில கிராமி மேடையில ஜே-ஸீ, கான்யே, லில் வெயின், டி.ஐ. நாலு பேரும் கோட்டு சூட்டுல நிக்கறாங்க. நடுவுல இவ, நெறமாசம், பிரசவத்துக்குக் குறிச்ச தேதியே அன்னிக்கித்தான். நம்ம ஊரா இருந்தா வளைகாப்பு போட்டு மூலையில குந்த வெச்சிருப்போம். அவ மைக்கப் புடிச்சிகினு ஆடறா. நான் போன்ல பாத்துட்டு, கீழ வெச்சிட்டு, கும்புடு போட்டேன்.

அவ்ளோ தூரம் ஏன் போவணும்? காஞ்சிவரத்துல ரயிலேறுனா அரக்கோணம். அந்த ஊருப் பையன் அறிவு. 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல மொதல்முறையா மேடையேறுச்சே கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், அதுல பாடுனவன். கானாகாரங்களும் ராப்புகாரனும் ஒரே மேடையில. மறு வருசம் ‘தெருக்குரல்’னு ஆல்பம் போட்டான். 2021ல வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ தேயிலைத் தோட்டத்துல பாடுபட்ட அவன் பாட்டி வள்ளியம்மா கதையிலேர்ந்து வந்ததுதானே? அவன் பாட்டிகிட்ட கேட்டான். நீ உங்க ஆயாகிட்ட சார்ஜரு எங்கன்னு கேக்கறத தவிர என்னா கேட்டிருக்க?

உங்க காலத்துல ராப்பு ஏதுன்னு இளிக்காத. 1994லயே ‘காதலன்’ படத்துல ‘பேட்டை ராப்’ வந்துடுச்சி. அதுல சேந்து பாடுனவங்கள்ல ஒருத்தி தேனி குஞ்சரம்மா, கிராமத்துப் பாட்டுக்காரி. கெழவி இல்லாம ராப்பு இல்லடா நைனா.

போலீசு தொல்லைன்னு ஒரு பாட்டு எழுதி வெச்சிருக்க. லண்டன்ல அது நெசம். பாட்டு நடத்தணும்னா ‘ஃபார்ம் 696’ன்னு ஒண்ண ரொப்பிக் குடுக்கணும்னு வெச்சிருந்தாங்க, கிரைமு பாடற கறுப்புப் பசங்கள ஒடுக்கத்தான்னு பெரிய சண்டை, 2017லதான் தூக்குனாங்க. நம்ம ஊர்ல கூத்துக்கு மைக் செட்டு வெக்க ஸ்டேஷன்ல நாங்க கால்கடுக்க நின்ன கதை தனியா இருக்குது. எழுதறதுன்னா அத எழுது. விடியறதுக்கு மின்ன ஹைவேல கம்பெனி பஸ்சு வந்து ஒரகடத்துக்குப் பசங்கள அள்ளிகினு போவுதே, ஊட்ல தறிக்குழியில பூனை குட்டி போடுதே, அத எழுது. பவர்லூம் பொடவைக்குக் காஞ்சிவரம்னு பேரு ஒட்டி விக்கறானே, அவன 140 தட்டுல திட்டு. கேக்க எனக்கும் ஆச.

திட்டறது எப்பிடின்னு கத்துக்கணும்னா, நம்ம ஊர்ல பாரதக் கூத்து வெக்கறாங்க, வா. பக்கத்துல புரிசைன்னு ஒரு ஊரே கூத்துக்குப் பேரு போனது, அதையெல்லாம் நீ பாக்கல, இதையாவது பாரு. ராத்திரி பத்து மணிக்கு மேல கட்டியக்காரன் வருவான். கையில தாள் கீள் எதுவும் இருக்காது. முன்னால குந்தினு இருக்கற நாட்டாமையிலேர்ந்து சுண்டல் விக்கறவன் வரைக்கும் பேரு சொல்லி, எதுகை கூட்டி, சிரிக்க சிரிக்கக் கிழிப்பான். போனைக் கீழ வெச்சிட்டு மொதல்ல அவன் மூச்சு எங்க எடுக்கறான்னு பாரு. வரும்போது எனக்கு ஒரு பாயும் எடுத்தாந்து முன்வரிசையில போடு.