ஏலம் விட்ட ஏலமும் எழுத்தில்லாத பட்டியலும்

போடிநாயக்கனூரில் ஏலத்தை ஏலம் விடுகிறார்கள். முதல் ஏலம் மலையில் காய்ப்பது, இரண்டாவது ஊரில் கூவுவது. (இப்போது கூவுவதில்லை, பட்டனை அமுக்குகிறார்கள்.) இந்த ஒரே பெயரால் போடியில் ஒருவனும் குழம்பியதில்லை. கம்ப்யூட்டருக்குத்தான் அந்தச் சமர்த்து கிடையாது.

2016-ல் ஒரு மண்டிக்காரரின் பட்டியல் நிரலை, மைக்ரோசாஃப்டின் புது விஷுவல் ஸ்டுடியோ 2015-க்கு மாற்றினேன். உள்ளே ஒரு பழைய லைப்ரரி. நதிமூலம், ரிஷிமூலம் வரிசையில் அதன் மூல நிரலையும் கேட்கக் கூடாது. நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்க்கர், ‘ஐஓபி ஃபங்க்’கைக் காணோம் என்று ஒப்பாரி வைத்தது. ஐஓபி என்றால் எனக்குத் தெரிந்தது பேங்க்தான். உலகமே அதற்கு ஒரு மூன்று வரி ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தது, நானும் போட்டேன். ஒப்பாரி நின்றது. ஓட்டினால் நிரல் பொத்தென்று விழுந்தது. பட்டியல் ஃபைல் மட்டும் மிஞ்சியது: 0 பைட்.

“தம்பி, பேப்பர் வந்துருச்சு. எழுத்தத்தான் காணோம்.”

1989-ல் சி மொழிக்குச் சட்டம் எழுதிய பெரியவர்கள், ‘ஃபைல்’ என்ற பெட்டிக்குள் அறைகளை எப்படி அடுக்க வேண்டும் என்று சொல்லாமல் நைசாக நழுவிவிட்டார்கள். மைக்ரோசாஃப்டின் பழைய 32-பிட் பெட்டியில் எட்டு அறை, மொத்தம் 32 பைட். 2015-ல் வெளியே தெரிவது ஒரே ஒரு பாயிண்டர், 4 பைட். ‘ஐஓபி ஃபங்க்’ காட்டும் பெட்டி வரிசையில் முதல் வீடு உள்ளே வருவதற்கு, இரண்டாவது வெளியே எழுத, மூன்றாவது புலம்ப. பழைய லைப்ரரி இரண்டாவது வீட்டைத் தேடி, பழக்கதோஷத்தில் 32 பைட் நடந்தது. என் ஒட்டில் மூன்று வீடும் சேர்ந்தே 12 பைட்! காம்பவுண்டைத் தாண்டி எவர் வீட்டுக் கதவைத் தட்டியதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இப்போது நினைத்தால் மதுரை–போடி ரயில்தான் ஞாபகம் வருகிறது. 1,000 மி.மீ. மீட்டர் கேஜ் வண்டியை 2010 முடிவில் நிறுத்தினார்கள். 1,676 மி.மீ. அகலப் பாதையில் போடிக்கு வண்டி வந்தது 2023 ஜூனில். பன்னிரண்டு வருஷம் எங்களை பஸ்ஸில் நசுக்கினார்கள், வாஸ்தவம். ஆனாலும் பழைய பெட்டியைப் புதுத் தண்டவாளத்தில் ஏற்றி மூன்று வரியில் ஒட்டப் பார்க்கவில்லை.

கடைசியில் அந்த லைப்ரரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அது செய்த வேலையை நானே எழுதினேன். பட்டியல் வந்தது, எழுத்தோடு. மண்டிக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“எல்லாம் சரி தம்பி. ‘ஏலம் 12’னு போட்டிருக்கியே, அது காயா, விட்டதா?”