ஏழுமலையான் ஊரில் ஐ7

சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் காணிப்பாக்கம். அங்கே வரசித்தி விநாயகர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் பக்கத்தில் எவனுக்கும் துணிச்சல் வராது. பங்காளிச் சண்டை, கொடுக்கல் வாங்கல், 'இனிமேல் குடிக்கமாட்டேன்' எல்லாம் அந்தச் சன்னதியில்தான் தீரும். கம்ப்யூட்டர் கடைக்காரர் யாராவது ஒருவரை அங்கே கூட்டிப்போய், குளத்தில் முழுக்குப் போடவைத்து, "இந்த எஸ்.எம்.பி.எஸ். மெய்யாகவே 450 வாட்தான்" என்று சொல்லவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. யாரும் வரமாட்டார்கள். வராவிட்டாலும் பரவாயில்லை, உண்மை அந்தப் பவர் சப்ளைப் பெட்டியின் லேபிளிலேயே இருக்கிறது. 450 என்று கொட்டை எழுத்தில் போட்டதற்குக் கீழே, சின்னக் கட்டத்தில், +12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று அச்சடித்திருப்பார்கள். 16 என்றிருந்தால் பன்னிரண்டால் பெருக்குங்கள்: 192 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த வழியில்தான் கரண்ட் குடிக்கின்றன. மிச்சமெல்லாம் லேபிள் அடித்தவருடைய நல்லெண்ணம்.

கம்ப்யூட்டரை எங்கே வாங்குவது என்பது அதைவிடப் பெரிய வழக்கு. கிழக்கே போனால் சென்னை ரிச்சி தெரு, மேற்கே போனால் பெங்களூர் எஸ்.பி. ரோடு. நடுவில் மாட்டிக்கொண்ட சித்தூரில் வீட்டுக்கு வீடு இரண்டு கட்சி. இரண்டு கட்சிக்கும் 'நமக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன்' அங்கே இருப்பான். அந்தப் பையன் குறைத்துத் தரும் பணம் பஸ் டிக்கெட்டுக்குச் சரியாகப் போய்விடும். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வருவது இலவசம். ஆறாம் மாதம் திரையில் ஒரு கோடு விழுந்தால் மறுபடியும் அதே மடி, அதே பஸ். "பில் வேணாம்னா ஜி.எஸ்.டி. 18 பர்சென்ட் மிச்சம் சார்" என்று காதோடு சொல்வார்கள். மிச்சமாகும் அந்தப் பதினெட்டோடு வாரண்டியும் சேர்ந்து மிச்சமாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், 2015-இலேயே ஷியோமி போன்கள் ஸ்ரீசிட்டியில் தயாராகத் தொடங்கிவிட்டன. அன்றைக்கு அது எங்கள் சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் மாவட்டத்தைப் பிரித்தபோது திருப்பதிப் பக்கம் போய்விட்டது. நாட்டுக்கே போன் செய்து தரும் சீமையில் இருந்துகொண்டு நாங்கள் ஒரு மவுஸ் வாங்க ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறுகிறோம்.

திருப்பதி பைராகிப்பட்டெடாவில் இருக்கும் என் தாய்மாமா இந்தக் கட்சி எதிலும் சேராதவர். உள்ளூரிலேயே செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டுப் போன் செய்தார்.

"டேய் மாப்ள, ஐ7 டா!"

ஏழுமலையான் ஊரில் ஏழுக்குத் தனி மரியாதை. ஐ3, ஐ5 எல்லாம் மாமாவைப் பொறுத்தவரை வழியில் வரும் மலைகள். போய்ப் பார்த்தேன். திரையில் ஐ7-2600 என்று காட்டியது. 2011-இல் வந்த சரக்கு. ஏழைப் பார்த்து மயங்காமல் அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை. 2022-இல் வந்த ஐ3-12100 அலட்டிக்கொள்ளாமல் இதை முந்திவிடும். சொன்னால் மாமா நம்பவில்லை. மூன்று எப்படி ஏழை முந்தும்?

பழையதானாலும் தூக்கிப் போடத் தேவையில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, ராமை 8 ஜிபி ஆக்கினால் கிழவனும் ஓடுவான். வீட்டுக் கம்ப்யூட்டரில் இந்தச் செலவுக்கு ஈடான செலவு வேறு கிடையாது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. 11 இந்த வயசாளியை ஏற்காது. லினக்ஸ் மிண்ட் போட்டுக் கொடுத்தேன். மாமா கேட்டது ஒரே கேள்வி: "இதுல தரிசன டிக்கெட் சைட் தெறக்குமா?" தெறக்கும் என்றதும் சமாதானமானார். மறுநாள் இன்னொரு புகார். 500 ஜிபி எஸ்.எஸ்.டி. வாங்கினாராம், 465 தான் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பையன் அவன் விண்டோஸில் மாட்டிக் காட்டினானாம். தயாரிப்பவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது, திருடு எதுவுமில்லை என்று விளக்கினேன். "ரெண்டு பேருக்கும் ஒரே படியில அளக்கத் தெரியாதா?" என்றார். நியாயமான கேள்வி.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: கம்ப்யூட்டரைத் தொடுமுன் செருப்புப் போட்டுக்கொள்ள வேண்டும். வெறுங்காலோடு கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். கம்ப்யூட்டருக்குக் கோபம் என்று அத்தை முடிவுகட்டி வைத்திருந்தார். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் ஃபில்டர் கெபாசிட்டர்கள் கசியவிடும் கொஞ்சூண்டு கரண்ட் எர்த் வழியாக மண்ணுக்குப் போக வேண்டியது. எர்த் இல்லாவிட்டால் அது தகரத்தில் உட்கார்ந்துகொண்டு நம் விரலுக்குக் காத்திருக்கும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வர்ட்டரில் சொருகியிருந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டால், "ஏம் காது சார்" என்றார், தெலுங்கில். ஒன்றும் ஆகாதாம். தோட்டத்தில் கரியும் உப்பும் போட்ட எர்த் குழி ஒன்று இருந்தது. காய்ந்து கிடந்தது. ராயலசீமை வெயிலில் அதற்கும் தாகமெடுக்கும், அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். கன்வர்ட்டரைக் கழற்றி, குழியை நனைத்து, மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் மூன்று வோல்ட்டுக்குள் வந்தது. செருப்புச் சட்டம் ரத்தானது. பளபளக்கும் ஆர்.ஜி.பி. விளக்குக்குச் செலவு செய்கிறவர்கள் யாரும் எர்த் குழியோடு செல்ஃபி எடுத்து நான் பார்த்ததில்லை.

யு.பி.எஸ்.ஸும் அப்படித்தான். 600 வி.ஏ. என்றால் கிடைப்பது ஏறக்குறைய 360 வாட். லேசர் பிரிண்டர் சூடாகும்போது சட்டென்று ஆயிரம் வாட் வரை கேட்கும். கம்ப்யூட்டரோடு அதையும் சேர்த்து மாட்டினால் யு.பி.எஸ். அலறும். பிரிண்டரைச் சுவர் பிளக்கில் போடுங்கள். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏ.ஹெச். பேட்டரிக்குச் சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பார்கள். மேற்குச் சுவரோரம், மே மாதத் திருப்பதியில், அது எத்தனை நாள் தாங்கும்? மாமா வீட்டில் யு.பி.எஸ். மாதக்கணக்காகப் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. ஏதோ குருவி என்று விட்டுவிட்டார்கள். பேட்டரியை மாற்றியதும் குருவி ஓய்ந்தது.

ஆயுத பூஜைக்கும் ஒரு வார்த்தை. சந்தனம் வையுங்கள், குங்குமம் வையுங்கள், கேபினெட்டின் பக்கவாட்டுத் தகரத்தில் வையுங்கள். மானிட்டர் திரை நெற்றி அல்ல. காற்று போகும் சல்லடையில் கொட்டும் குங்குமம் நேராக ஃபேனுக்குப் போகும். முதல் நாள் சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு புளோயர் அடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போகும். அத்தை தைத்துப் போட்ட லேஸ் வைத்த உறையை, மெஷின் ஓடும்போதாவது கழற்றிவிடச் சொல்லிப் பார்த்தேன். குளிருமே என்றார்.

மூன்று மாதம் முன்னதாக விடும் முந்நூறு ரூபாய் தரிசன டிக்கெட்டுக்கு, மாதக் கடைசி வாக்கில் ஒருநாள் காலை பத்து மணிக்கு மாமா வீடு போர்க்களமாகும். ஆம்பூர், வேலூர் உறவெல்லாம் ஆதார் எண்ணை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். அதற்காகக் கேமிங் மவுஸ் வாங்கலாமா என்று கேட்டார். காத்திருப்பது சர்வர் வாசலில், மவுஸ் வேகத்துக்கு அங்கே வேலையில்லை என்றேன். வைஃபையை விட்டு லேன் கேபிள் மாட்டினேன். பெயர்களை முன்பே டைப் செய்து வைத்தேன். முக்கியமாக, மோடத்துக்கு ஒரு குட்டி 12 வோல்ட் யு.பி.எஸ். வாங்கினோம். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் மட்டும் உயிரோடிருந்து என்ன பயன்?

பத்து மணி. வரிசை நகர்ந்தது. சொல்லிவைத்தாற்போல் கரண்ட் போயிற்று. கம்ப்யூட்டர் அசையவில்லை, மோடம் அசையவில்லை, மாமா மீசையைத் தடவிக்கொண்டார். தேதி கிடைத்தது, பெயர்கள் ஏறின, பணம் கட்டும் பக்கம் வந்தது. பேங்க் ஓ.டி.பி. அனுப்பியது. கணக்கு அத்தை பேரில். அத்தை, போனைக் கைப்பையின் அடியில் போட்டுக்கொண்டு, பலமனேர் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தார்.