பசையின் பெருமை

டேப்லெட் செய்து விற்கும் நிறுவனத்தாரே, உங்களுக்கு ஒரு வாழ்த்து மடல் எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் திறமைகள் பல. ஆனாலும் முதல் மரியாதை உங்கள் பசைக்குத்தான்.

எவ்வளவு உறுதியான பசை! சென்னை ரிச்சி தெருவில் போனும் டேப்பும் பிரித்துப் பிரித்துப் பழகிய கைகள் நிறைய உண்டு. அந்தக் கைகள்கூட உங்கள் டேப்பைத் தொடும் முன் ஒரு நிபந்தனை போடுகின்றன: “கிளாஸ் உடைஞ்சா நாங்க பொறுப்பில்ல சார், சம்மதம்னா சொல்லுங்க.” உப்பியிருப்பது பேட்டரி. கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் பேட்டரிக்குப் போகும் வழி அந்தக் கண்ணாடியின் வழியாகத்தான். அதைச் சூட்டுத் தட்டில் வைத்து, பசை இளகும்வரை காத்திருந்து, ரப்பர் உறிஞ்சியால் ஒரு பக்கத்தை மயிரிழை அளவு தூக்கி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைச் செருகி, நான்கு ஓரமும் அங்குலம் அங்குலமாக அறுத்துக்கொண்டே வர வேண்டும். அட்டை கொஞ்சம் ஆழமாகப் போனால் டிஸ்ப்ளே கேபிள் அறுந்துவிடும். கொஞ்சம் அவசரப்பட்டால் மூலையிலிருந்து கண்ணாடி விரிந்துவிடும். இத்தனையும் தாண்டி உள்ளே போனால், பேட்டரியும் பின்தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நெம்பும்போது அது மடங்கினாலோ குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கலாம். வேறு எந்த வீட்டுப் பொருளுக்கும் இத்தனை காவல் கிடையாது.

இந்த வித்தையை நீங்கள் படிப்படியாகக் கற்றிருக்கிறீர்கள் என்பது இன்னும் பெருமை. 2010-இல் ஆப்பிள் விற்ற முதல் ஐபேடின் முகப்பைக் கவ்விகள்தாம் பிடித்துக்கொண்டிருந்தன. நெம்பினால் வந்துவிடும், அழுத்தினால் பொருந்திக்கொள்ளும். மறு ஆண்டு ஐபேட் 2 வந்தது. 13.4 மில்லிமீட்டர் தடிமன் 8.8 ஆகக் குறைந்தது. கவ்வி இருந்த இடத்துக்குப் பசை வந்தது. ஒரே ஆண்டில் எத்தனை பெரிய முன்னேற்றம்! அந்த நான்கரை மில்லிமீட்டரைக் கேட்டது யார் என்று தெரியவில்லை. அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது ரிச்சி தெருவில் தெரியும்.

உங்கள் அறிவியல் ஞானமும் பெரிது. டேப்லெட்டில் முதலில் தேயப்போவது பேட்டரி என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஐபேடின் பேட்டரி ஆயிரம் முழு சார்ஜுக்குப் பிறகும் தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிளே எழுதிவைத்திருக்கிறது. தினம் ஒரு முழு சார்ஜ் என்றால் மூன்று ஆண்டுகூட வராது. கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் பிராசசருக்கும் அதைவிடப் பல மடங்கு ஆயுள். இதையெல்லாம் கணக்குப் போட்டு அறிந்தவர்கள்தாம், முதலில் தேய்வதை எளிதில் கை எட்டாத இடத்தில் வைத்திருக்கிறீர்கள்.

மெலிவும் நீர்க்காப்பும் வேண்டுமானால் பசையைத் தவிர வழியில்லை என்று உங்களுக்காக வாதாடுவோர் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் திறமையைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் என்று சாம்சங் செய்யும் கேலக்ஸி டேப் ஆக்டிவ் 5-ஐ எடுத்துப் பாருங்கள். ஐபி68 நீர்க்காப்பு உண்டு. பின்மூடியைக் கையால் கழற்றிப் பேட்டரியையும் மாற்றிவிடலாம். மைக்ரோசாஃப்ட் 2013-இல் கொண்டுவந்த சர்ஃபேஸ் புரோவுக்கு, பழுதுபார்க்கும் எளிமைக்காக ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்பு இணையதளம் தந்த மதிப்பெண் பத்துக்கு ஒன்று. 2024-இல் வந்த பதினோராவது சர்ஃபேஸ் புரோவுக்கு எட்டு. ஆகவே உங்களால் முடியும். முடியாது என்று உங்களைப் பற்றி யாரும் சொல்ல விடமாட்டேன்.

அடுத்து, உங்கள் உதிரிபாகங்களின் விசுவாசம். கைரேகை பார்க்கும் ஹோம் பட்டனை ஒரு ஐபேடிலிருந்து கழற்றி அதே மாடலில் இன்னொன்றில் பொருத்தினால், பட்டனாக வேலை செய்யும், கைரேகையைப் படிக்காது. பிறந்த போர்டைத் தவிர வேறொன்றை அது அறியாது. பாதுகாப்புக்காக என்கிறீர்கள், அதில் நியாயம் உண்டு. அந்த உறவைப் புதுப்பித்துக் கொடுக்கும் அதிகாரம் உங்களிடம் மட்டும் இருப்பதால், தெருமுனைக் கடைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் பாதி வேலைக்காரராகவே நிற்கிறார்.

மென்பொருள் விஷயத்தில் மனதாரவே நன்றி சொல்ல வேண்டும். முதல் ஐபேட் ஐஓஎஸ் 5-ஓடு நின்றுவிட்டது. 2012-இல் ஐஓஎஸ் 6 வந்தபோது அதற்கு இடமில்லை. வாங்கி இரண்டரை ஆண்டு ஆகாதவர்களும் கைவிடப்பட்டார்கள். 2014-இல் வந்த ஐபேட் ஏர் 2-வோ 2021-இல்கூட ஐபேட்ஓஎஸ் 15-ஐப் பெற்றது. ஏழு ஆண்டு! நீங்கள் நினைத்தால் ஒரு பொருள் எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு அதுவே சாட்சி. விலை மலிந்த டேப்களைச் செய்து, பெட்டியில் வந்த ஆண்ட்ராய்டோடு முடித்துக்கொள்ளும் மற்றவர்களும் அந்தச் சாட்சியைப் பார்த்திருப்பார்கள்.

உங்கள் நேர்மையைச் சொல்லாமல் இந்த மடல் நிறையாது. பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தை ஒரு அப்டேட் குறைக்கிறது என்று 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பரிகாரமாகப் பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது; அமெரிக்காவில் 79 டாலர் 29 ஆனது. மக்கள் வரிசையில் நின்று பேட்டரி மாற்றினார்கள், போன்கள் பழைய வேகத்துக்கு வந்தன. 2019 ஜனவரியில் ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததற்கான காரணங்களுள் இந்த மலிவு விலைப் பேட்டரி மாற்றத்தையும் சேர்த்தார். ஐம்பது ஆய்வறிக்கை எழுதியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. நியாயமான விலையில் பேட்டரி கிடைத்தால் மக்கள் புதிது வாங்காமல், கையில் இருப்பதையே வைத்துக்கொள்கிறார்கள். உண்மையை உள்ளபடி எழுதியவரை நான் மதிக்கிறேன்.

புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் ஔவை தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பாராட்டுகிறார். அவன் ஆயுதங்கள் நெய் பூசி, பீலி சூட்டி, மினுமினுக்கின்றன. அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. உங்கள் ஷோரூம்களின் வெள்ளை வெளிச்சத்தில் நிற்கும்போதெல்லாம் தொண்டைமான் கொட்டில் எனக்கு நினைவுக்கு வருகிறது. எங்கள் டேப்கள் ரிச்சி தெருவின் மேசைகளில் கிடக்கின்றன. 2020-இல் பள்ளிகள் மூடியபோது, கடன் பட்டும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தவை அவற்றில் உண்டு. அந்தப் பேட்டரிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வயதில் இப்போது சோர்ந்து நிற்கின்றன.

அந்த மேசையின் முன் நிற்கும் அம்மாவுக்குக் கேள்வி ஒன்றுதான்: சரிபண்ணுவதா, புதுசு வாங்குவதா? உண்மையில் அவ்வளவு கடினமான கேள்வி இல்லை இது. பேட்டரியோ சார்ஜிங் பின்னோ மட்டும் போயிருந்து, தேவையான செயலிகள் இன்னும் ஓடுகின்றன என்றால், சரிபண்ணுவதே முறை. தண்ணீர் புகுந்து போர்டு அரித்திருந்தாலோ, மலிவு டேப்பின் சேமிப்புச் சில்லு தேய்ந்து ஒவ்வொரு தொடுதலுக்கும் திணறினாலோ, அதில் பணத்தைப் போடுவது வீண். பேட்டரி உப்பியிருந்தால் எந்த முடிவாக இருந்தாலும் அன்றே அதை அணைத்துவிட்டு, சார்ஜ் போடுவதை நிறுத்த வேண்டும். உப்பிய இடத்தை அழுத்திப் பார்க்கவும் கூடாது. ஒரு நல்ல மெக்கானிக் பத்து நிமிடத்தில் இதைச் சொல்லிவிடுவார். ஆனால் உங்கள் புண்ணியத்தால் அந்த அம்மா யோசிக்க வேண்டியதே இல்லை. அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் பேட்டரிக்குச் சொல்லும் தொகையும் பக்கத்துக் கடையில் புது டேப்புக்குச் சொல்லும் எக்ஸ்சேஞ்ச் விலையும் கிட்டத்தட்ட கைகோத்து நிற்கின்றன. அவருக்கு வரவேண்டிய முடிவை, அவர் கடைக்கு வருவதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே, உங்கள் வரைபட மேசையில் நீங்களே எடுத்து முடித்துவிட்டீர்கள்.

உலகம் 2022-இல் மட்டும் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது என்கிறது ஐ.நா.வின் கணக்கு. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் கால்பங்குகூட இல்லை. அந்த மலையிலும் உங்கள் பசை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பிரித்தெடுக்க முடியாத பேட்டரியை அரைக்கும் இயந்திரங்கள் தீப்பற்றலாம்.

சட்டத்துக்கு நீங்கள் காட்டும் மரியாதையும் குறிப்பிடத்தக்கது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் டேப்லெட் விற்பவர்கள், அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டு உதிரிபாகம் தர வேண்டும், ஐந்து ஆண்டாவது அப்டேட் தர வேண்டும். நீங்கள் அங்கே கடையை மூடவில்லை. இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு ஓர் இணையவாசலைத் திறந்தது. ஐரோப்பாவைப் போல ஆண்டுக்கணக்கு சொல்லும் கட்டாயம் எதுவும் வரவில்லை. கட்டாயம் இல்லாத இடத்தில் உங்கள் பெருந்தன்மை எவ்வளவு தூரம் நீளும் என்பதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த டேப்பின் பெட்டியில் அதன் எடையையும் தடிமனையும் அச்சிடும்போது, பக்கத்திலேயே பேட்டரி மாற்றும் கட்டணத்தையும், எந்த ஆண்டு வரை அந்தப் பேட்டரி கிடைக்கும் என்பதையும் அச்சிடுங்கள். அந்த இரண்டு வரிக்கு இன்னொரு வாழ்த்து மடல் எழுதுவேன். அதில் பசையைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது.