ஓக் மரமும் ஒரு முழத் தாளும்

கேள்வி: லண்டன் ஹாரோவில் வீடு வாங்கினேன். கொல்லையில் பெரிய ஓக் மரம் ஒன்று வெயிலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. வெட்டலாம் என்றால், கவுன்சிலைக் கேட்க வேண்டுமாம். என் வீட்டு மரத்துக்கு நான் சொந்தக்காரன் இல்லையா?

பதில்: சொந்தக்காரர்தான். வீடு உங்களுடையது, கடன் வங்கியுடையது, மரத்தின் மேல் அதிகாரம் கவுன்சிலுடையது. 1990ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டப்படி அதற்கு மரப் பாதுகாப்பு ஆணை போட்டிருப்பார்கள். அனுமதியில்லாமல் கிளையைக் கழித்தாலும் வேரை அறுத்தாலும் குற்றம். மரத்தையே சாய்த்துவிட்டால் அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் தன் பக்கம் நீளும் கிளையை வெட்டவும் இதே அனுமதி வேண்டும். அந்த மட்டில் ஆறுதல்.

இரவோடு இரவாக முடித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். பூல் நகரில் மாடத்துக்கு வெளிச்சம் வேண்டி ஓக்கின் கிளைகளை வெட்டிய ஒருவரிடம், அதனால் வீட்டு விலை எவ்வளவு ஏறியது என்று 2019இல் கணக்குப் போட்டு, குற்றத்தில் ஈட்டிய வருமானம் என்று அந்தத் தொகையையும் வாங்கிக்கொண்டார்கள். கொள்ளைக்காரர்களுக்கான சட்டம், வெயிலுக்கு ஆசைப்பட்டவர் மேல் பாய்ந்தது!

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பொதுவாக எட்டு வாரத்தில் முடிவு வரும். வெட்டுவதை விட்டுவிட்டு, 'கொஞ்சம் கிளை கழிக்க' என்று எழுதிக் கேளுங்கள். பட்டுப்போன மரமானால் ஐந்து வேலை நாள் முன்னதாகத் தகவல் தந்தால் போதும். ஆனால் அதே இடத்தில் புது மரம் நட வேண்டும். அது வளர்ந்து வெயிலை மறைக்கும்போது கேள்வி எழுத உங்கள் பேரன் இருப்பான்.